‘ஒன்று’ என்று அழுத்தியவர்

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் ரெக்கார்டு அண்ணன். டாக்டர்களில் பாதிப் பேருக்கு அவருடைய உண்மையான பெயர் தெரியாது, மீதிப் பேருக்குத் தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. முப்பத்தோரு வருஷம் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஃபைல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மனிதர். நான் அதே தளத்தில், எதிர் அறையில், ரத்தப் பரிசோதனை செய்கிறவள். எனக்குக் காட்டேரி என்று பெயர் வைத்ததே அவர்தான். காலையில் டீயோடு வந்து வாசலில் நின்று, "என்ன காட்டேரி, இன்னிக்கு எத்தனை பேர் ரத்தத்தைக் குடிச்சே?" என்பார். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அப்படித்தான் எங்கள் நாள் தொடங்கும்.

செத்தவர்களைப் பற்றி நல்லதையே சொல்வது போல, ஓய்வு பெற்றவர்களைப் பற்றியும் நல்லதையே சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. அண்ணன் கறாரான ஆள். ஃபைல் மேல் டம்ளர் வட்டம் இருந்தால் எடுத்துப் போன நர்ஸைத் தேடிப் போய்த் திட்டுவார். பேனா கேட்டால் மூடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் தருவார், திருப்பிக் கொடுக்க வருவார்கள் என்று. தன் ஞாபகசக்தியில் அவருக்கு இருந்த கர்வத்தைத் தராசில் வைத்தால் மறு தட்டில் அந்த அறையின் ஃபைல்கள் எல்லாவற்றையும் வைக்க வேண்டியிருக்கும். இந்தக் கர்வமெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்களிடம் வருகிறவர்களில் ஒரே பெயர்க்காரர்கள் ஏராளம். அப்பா பெயரும் ஒன்றாக இருக்கும், தெருவும் ஒன்றாக இருக்கும். பிறந்த தேதி கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. பதிவு செய்கிறவர் வயதைக் கேட்டு, வருஷத்தைக் கழித்து, ஜனவரி ஒன்று என்று போட்டுவிடுவார். அத்தனை பேரும் உண்மையிலேயே அன்றைக்குப் பிறந்திருந்தால் பிரசவ வார்டு இடிந்து விழுந்திருக்கும். அதனால் அண்ணன், ஒரே மாதிரி இரண்டு ஃபைல் வந்தால் அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு சொல் எழுதி வைப்பார். நெட்டை, சைக்கிள் கடை, இடது கண், சண்டைக்காரி என்று. சண்டைக்காரி ஒரு நாள் தன் ஃபைலை எட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் சொல் எவ்வளவு சரி என்பதை அரை மணி நேரம் நின்று நிரூபித்துவிட்டுப் போனாள். அண்ணன் அழிக்கவில்லை. "அடையாளம்னா அடையாளம்தான்" என்றார்.

பிறகு ஆஸ்பத்திரியை ஒரு கம்பெனி வாங்கியது. அவர்களுக்கு ஏற்கெனவே பதின்மூன்று ஆஸ்பத்திரி, நாங்கள் பதினாலாவது. புது மேனேஜர் வந்தார். மரியாதையான மனிதர், லிஃப்ட்காரரைக்கூட சார் என்றுதான் அழைப்பார். வாய்க்கு வாய் டார்கெட் என்று சொன்னதால் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. காகிதமே கூடாது, எல்லாம் திரையில் என்று உத்தரவு வந்தது. ஃபைல்களை ஸ்கேன் செய்தார்கள். அந்த மெஷினுக்குப் பென்சில் எழுத்து தெரியவில்லை, மூலையெல்லாம் வெள்ளையாகவே விழுந்தது. அண்ணன் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னார். டார்கெட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பென்சில்ல எழுதினது டேட்டா கிடையாது சார்" என்றார். அடுத்த மாதம் அட்டைகள் மூட்டை மூட்டையாகக் காகித ஆலைக்குப் போயின.

அதன் பிறகு அண்ணனுக்குக் கொடுத்த வேலை, ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால் சேர்ப்பது. கம்ப்யூட்டரே இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று மேலே போடும். கீழே இரண்டு பொத்தான்: ஒன்று, வேறு. ‘ஒன்று’ என்று அழுத்தினால் அடுத்த ஜோடி வந்துவிடும். ‘வேறு’ என்று அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். ஏன் வேறு என்று காரணம் எழுத வேண்டும், அது தலைமை அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து கேள்வி வரும், அதற்கும் பதில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு ஜோடி முடிக்க வேண்டும். இதை வடிவமைத்தவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். ஆனால் ஒரு பக்கம் இறக்கம், ஒரு பக்கம் ஏற்றம் என்று பாதை போட்டுவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவர் யோசிக்கவில்லை.

அண்ணன் வேலையை விட்டுவிட முடியாத நிலையில் இருந்தார். அண்ணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை எங்கள் மூன்றாவது மாடியில்தான் டயாலிசிஸ். ஊழியர் குடும்பம் என்பதால் கிடைத்த இடம் அது. வேலை போனால் அந்த நாற்காலியும் போகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பெண்களின் பதிவு அவர் திரைக்கு வந்தது. ஒரே பெயர், ஒரே அப்பா பெயர், ஒரே தெரு, ஜனவரி ஒன்று. எண்பத்தெட்டு சதவீதம். ஒருத்தி தையல்காரி, மற்றவள் பால் ஊற்றுகிறவள். அட்டை இருந்திருந்தால் மூலையில் தையல், பால் என்று இருந்திருக்கும். அண்ணனுக்கு அது ஞாபகம் வந்தது. அதுதான் கொடுமை. ஆனால் அன்றைக்கு அவர் ஏற்கெனவே பத்தொன்பது முறை ‘வேறு’ என்று அழுத்தியிருந்தார். மத்தியானம் டார்கெட் வந்து, "சார், உங்க ‘வேறு’ ரொம்ப ஜாஸ்தியா இருக்கே, மத்த பதிமூணு இடத்துலயும் இப்படி இல்லையே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கையில் அட்டை இல்லை. தன் தலையைவிடக் கம்ப்யூட்டர் சரியாக இருக்குமோ என்று இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அண்ணனுக்குத் தோன்றியது. ‘ஒன்று’ என்று அழுத்தினார்.

இரண்டு பதிவிலும் ஒரு விஷயம் மாறி இருந்தால், கடைசியாக எழுதியதை வைத்துக்கொண்டு பழையதை அழிப்பது அந்தக் கம்ப்யூட்டரின் வழக்கம். தையல்காரிக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. பழைய ஃபைலில் அதற்குச் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது, அது திரையிலும் ஏறியிருந்தது. பால்காரிக்கு ஆகாதது என்று எதுவும் இல்லை. அவளுடைய பதிவு புதியது, அதனால் அதுவே நின்றது.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏழு வாரம் கழித்துப் பால்காரி சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தாள். கூடவே ரத்த வகையும் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பி என்று வந்தது. திரையில் முன்பு ஓ என்று இருந்ததால் மஞ்சள் விளக்கு மினுக்கியது. ரத்த வகை பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறாது. இது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மறுபடி ரத்தம் எடுத்தேன். மறுபடியும் பி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மேஜையில் நாற்பது குழாய் காத்திருந்தது. மஞ்சள் விளக்கை அணைக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. ‘பழைய பதிவு தவறு’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஓ-வை பி ஆக்கினேன். என் நீள நோட்டில் பழைய பழக்கத்தில் தேதியும் பெயரும் போட்டு ஒரு வரி எழுதினேன்: முன்பு ஓ, இப்போது பி, பழையது தவறு எனக் கொண்டேன். பத்தடி தூரத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்து, "அண்ணே, இது ஒரு ஆளா ரெண்டு ஆளா?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

அதற்கு மூன்று மாதம் கழித்துத் தையல்காரி காலில் சீழ்ப்புண்ணோடு வந்தாள். கடும் காய்ச்சல், பேச்சு குளறியது. முன்பெல்லாம் அந்த ஊசிக்கு முன்னால் கையில் துளி மருந்து போட்டுச் சோதிப்பார்கள். நேரம் வீணாகிறது, திரையில் பச்சை இருந்தால் நேராகப் போடலாம் என்று கம்பெனி அதை எடுத்துவிட்டிருந்தது. ஊசி போட்டது ஒரு சின்னப் பெண், கவனமான நர்ஸ், இரண்டு முறை திரையைப் பார்த்தாளாம். பச்சை. இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கூட வந்திருந்த மகள் அப்போது கீழே இருந்தாள். புது முறைப்படி நோயாளி தரப்பில் ஒருவர் கவுன்டரில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். வரிசையில் நிற்கப் போகுமுன் ஊசி விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எத்தனையோ வருஷமாக வருகிற இடம்தானே, இவர்களுக்குத் தெரியாதா என்று போய்விட்டாள். அவள் திரும்பி மாடி ஏறியபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

விசாரணை நடந்தது. அறிக்கை மூன்று பக்கம். அதில் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது ஒரே வரி: ‘ஒவ்வாமை குறித்து நோயாளி தரப்பில் தகவல் தெரிவிக்கப்படவில்லை.’ அதைப் பிடித்துக்கொண்டாள். அல்லது அது அவளைப் பிடித்துக்கொண்டது.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் வர ஆரம்பித்தாள். அம்மா இறந்த கிழமை அது. சண்டை போடவில்லை, அழவில்லை. நன்றாகத் தலை வாரி, துவைத்த உடை உடுத்திக்கொண்டு, புற நோயாளிகள் கூடத்தில் ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் குனிந்து கேட்பாள். "சொல்லிட்டீங்களா? எது ஆகாதுன்னு சொல்லிட்டீங்களா? அவங்களுக்குத் தெரியும்னு இருந்துடாதீங்க." சிலர் நன்றி சொல்வார்கள், சிலர் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் அவளுக்குச் ‘சொல்லிட்டீங்களா’ என்றே பெயர் வைத்தார்கள். சிரித்துக்கொண்டுதான் வைத்தார்கள், நானும் அங்கே இருந்தேன். பிறகு வியாழக்கிழமை யாரும் அந்தக் கூடத்தின் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தோம்.

அண்ணனுக்கு உண்மை தெரிந்தது இறப்பு நடந்த அன்றே. பதிவை மூடுவதற்காக அவரிடம்தான் வந்தது. தையல்காரியின் சாவும் பால்காரியின் சர்க்கரைக் கணக்கும் ஒரே பக்கத்தில் இருந்தன. என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். காட்டேரி என்று கூப்பிடவில்லை.

"நான்தான் கொன்னுட்டேன்" என்றார். நடந்ததை எல்லாம் சொன்னார்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. கம்ப்யூட்டர்தானே சேர்க்கச் சொல்லுச்சு."

"அது கேட்டுச்சு. சொன்னது நான்."

நான் ஆறுதல் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். என் நோட்டு மேஜையிலேயே இருந்தது. அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தனியாக எரிகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேல் வருகிற ஆத்திரம் டார்கெட் மேல்கூட வருவதில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அடுத்த மாதம் பால்காரி மாத்திரைக்கு வந்தாள். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "இவங்க இறந்துட்டதா வருதும்மா" என்றாள்.

"யாரு செத்தது? உன் எதிர்ல நிக்கிறது யாரு, என் ஆவியா?"

"திரையில அப்படித்தாம்மா இருக்கு."

"அப்போ திரையில இருக்கறவளுக்கே மாத்திரை குடு" என்று கத்தினாள். கூடமே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. இரண்டையும் பிரிக்க எழுதிப் போட்டார். காரணம் என்ற இடத்தில் ‘பதிவுப் பிழை’ என்று இரண்டு சொல் மட்டும் எழுதினார். யார் செய்த பிழை என்று எழுதக் கை வரவில்லை. மூன்றாவது மாடி நாற்காலி கண்ணுக்குள் நின்றதாம். தலைமை அலுவலகத்தில் ஓசையில்லாமல் பிரித்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கம்ப்யூட்டர் முறையையே மாற்றி வேறொன்று கொண்டு வந்தார்கள். அண்ணன் அழுத்திய ‘ஒன்று’ எங்கேயும் இல்லாமல் போயிற்று.

அவருக்குள் அது போகவில்லை. அந்த முறை இருந்தவரை முப்பதாயிரம் ஜோடிக்கு மேல் சேர்த்திருந்தார். அவற்றில் இன்னும் எத்தனை தையல், எத்தனை பால்? சாப்பாட்டு நேரத்தில் வார்டு வார்டாக ஏறுவார். ஜனவரி ஒன்றில் பிறந்தவர்களின் கட்டில் அருகே நின்று, "என்ன வேலை பண்றீங்க? எப்பவாவது ஊசி போட்டு உடம்பு தடிச்சுதா?" என்று விசாரிப்பார். ஏதோ புது டாக்டர் என்று நினைத்துப் பதில் சொல்வார்கள். சாப்பிடாமல் உடம்பு பாதியானது. பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, "கேக்குதா?" என்பார். மேலே கூடத்தில் அவள் கேட்பது ஏசி குழாய் வழியாகக் கீழே வருகிறது என்பார். எனக்குக் கேட்கவில்லை என்றுதான் சொல்லி வந்தேன். சில வியாழக்கிழமைகளில் எனக்கும் கேட்டது.

ஒரு வருஷம் ஆனபோது டார்கெட் அவளை உள்ளே விட வேண்டாம் என்று வாசல் காவலருக்கு உத்தரவு போட்டார். நோயாளிகள் பயப்படுகிறார்களாம். அந்த வியாழக்கிழமை அவள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று, வண்டியிலிருந்து இறங்குகிறவர்களிடம் ஓடி ஓடிக் கேட்டாள். காவலர் கையைப் பிடித்து விலக்கியபோது அவரிடமும் கேட்டாள். அண்ணன் அதைப் பார்த்தார். அன்றைக்கு டயாலிசிஸ் நாற்காலியில் இருந்த அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அண்ணி குழாய் செருகிய கையை அசைக்காமல், "இத்தனை நாளா இதை வெச்சுக்கிட்டா எனக்குச் சோறு ஊட்டினீங்க? போய்ச் சொல்லுங்க" என்றாராம்.

அடுத்த வியாழன் அவரே வாசலுக்குப் போய் அவளை அழைத்து வந்தார். என் அறைக்குக் கதவு இருந்ததால் அங்கே உட்கார வைத்தார். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"உங்கம்மாவுக்கு அந்த ஊசி ஆகாதுன்னு எங்ககிட்ட எழுதி இருந்துச்சும்மா. என் கையாலதான் அது அழிஞ்சுது." பொத்தான், எண்பத்தெட்டு, பால்காரி, எதையும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. "நீ சொல்லாததால இல்லம்மா. உன் மேல தப்பே இல்லை."

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க சித்தப்பாவும் இப்படித்தான், எனக்காக ஏதேதோ கதை சொல்லிப் பாத்தாரு. நீங்க யாருன்னே தெரியாது, எனக்காக உங்க மேல போட்டுக்கறீங்க. நல்லா இருங்க சார்."

"கதை இல்லம்மா. நெஜம்."

"நெஜம்னா ரிப்போர்ட்ல வந்திருக்குமே."

காட்ட அண்ணனிடம் ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் முந்திச் சொல்லியிருந்தால் இருந்திருக்கும். அவள் கதவருகே போய்விட்டாள்.

நான் நோட்டை எடுத்தேன். எடுத்தேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன், அந்த அலமாரிக் கதவைத் திறக்க என் கை மறுத்தது. அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். "இந்தத் தேதியைப் பாரு. உங்கம்மா இறக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடி. ஓ-ன்னு இருந்தது உங்கம்மா ரத்தம். பி அந்தப் பால்காரம்மாவோடது. ரெண்டு பேர் ஒண்ணாயிட்டாங்கன்னு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான்தான் மாத்தி எழுதினேன்."

அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்துப் படித்தாள். அண்ணன் நோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒரு வருஷம் என் அறையில் உட்கார்ந்து நான் கொடுத்த தண்ணீரைக் குடித்த மனிதர். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் நிமிர்ந்தபோது நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"சரி சார்" என்றாள். "அழிஞ்சுதான் போச்சு. ஆனா நான் மேலேயே இருந்து, அவங்ககிட்ட வாயால சொல்லியிருந்தா? அம்மா இருந்திருப்பாங்கல்ல?"

இந்தக் கேள்வியை நாங்கள் இருவரும் யோசித்தே பார்க்கவில்லை. எங்கள் பாவத்தைச் சொன்னால் அவளுடையது கரைந்துவிடும் என்று நினைத்திருந்தோம். ஒரு வருஷமாகத் தயங்கிய அண்ணன் அதற்கு மட்டும் தயங்கவில்லை.

"இல்லம்மா. நீ சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாங்க. திரையில பச்சைன்னா இங்க பச்சைதான்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதற்கடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

அண்ணன் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு டார்கெட்டிடம் கொடுத்தார். நோட்டின் பக்கத்தையும் நான் சேர்த்துக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, "சிஸ்டத்துல அப்படி எதுவும் பதிவாகலையே சார்" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். தண்டனைகூட இல்லை. அண்ணன் குறித்த தேதியில் ஓய்வு பெற்றார், முறையாக ஓய்வு பெற்றவர் என்பதால் அண்ணியின் நாற்காலி தங்கியது. அண்ணியோடு வாரம் இரண்டு முறை வருகிறார், கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு என் வாசலைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போக வேண்டும். உள்ளே பார்ப்பதில்லை.

அன்றைக்கு அவர் சொன்னது பொய், நல்ல மனசோடு சொன்ன பொய் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் ஊசி போட்ட அந்த நர்ஸ் ரத்தக் குழாய்களோடு என் அறைக்கு வந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு மேல வந்து, அம்மாவுக்கு இந்த ஊசி ஆகாதுன்னு சொல்லியிருந்தா, நீ என்ன பண்ணியிருப்பே?"

அவள் குழாய்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். "திரையைப் பாத்திருப்பேன்க்கா" என்றாள்.

"பாத்துட்டு?"

"பச்சைதானேக்கா இருந்துச்சு" என்று காலித் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.